எரியிற லைட்டை விட, நேத்து அணைச்ச லைட்டுக்குத்தான் பயப்படணும்

பழைய கார் பாக்கப் போற எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் பாக்குறோம். கதவைத் திறந்து மூடுறது, டயரைக் காலால தட்டுறது, போனட்டைத் தூக்கி ஒண்ணும் விளங்காட்டியும் தலையை ஆட்டுறது. ஸ்டார்ட் பண்ணினதும் டேஷ்போர்டைப் பாப்போம். மஞ்சள் நிற என்ஜின் லைட் எரிஞ்சா முகம் மாறும். எரியலைன்னா "க்ளீன் வண்டி"ன்னு மனசுக்குள்ள முடிவு எடுத்துருவோம்.

அந்த முடிவுதான் தப்புன்னு நான் சொல்ல வாறேன். என்ஜின் லைட் எரியாத கார் நல்ல காரா இருக்கலாம். முந்தின நாள் ராத்திரி யாராவது லைட்டை அணைச்ச காராவும் இருக்கலாம். வெறும் கண்ணால பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கருவியும் பத்து நிமிஷமும் போதும். மாத்தளையில கார் வாங்குற நம்மள்ல பலர் அந்தப் பத்து நிமிஷத்தைக் கேக்கவே கூச்சப்படுறோம். கூச்சத்துக்கு நாம குடுக்குற விலை சில நேரம் லட்சக்கணக்குல போகுது.

இது ஏன் இப்ப முக்கியம்?

2020 மார்ச்ல வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க. தனியார் கார்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில. கிட்டத்தட்ட ஐஞ்சு வருஷம் நாட்டுக்குள்ள இருந்த அதே கார்கள்தான் கை மாறிக் கை மாறி ஓடிச்சு. விட்ஸ், அக்குவா, வேகன் ஆர், ஃபிட், ஆல்டோ எல்லாத்துக்கும் வயசு கூடினதோட விலையும் கூடிச்சு. உலகத்துல மத்த இடங்கள்ல கார் பழசாக ஆக விலை இறங்கும், இங்க ஏறிச்சு. இப்ப இறக்குமதி திறந்தாலும் வரி கழுத்தை நெரிக்குது. மூணு வருஷத்துக்கு மேற்பட்ட காரைக் கொண்டு வரவும் முடியாது. அதனால சாதாரணக் குடும்பத்துக்குக் கை எட்டுற கார்னா அது இன்னும் உள்ளூர்ல ஓடின பழைய கார்தான்.

அந்தக் காசு எங்கயிருந்து வருதுன்னு நமக்குத் தெரியும். கட்டார்லயோ சவூதியிலயோ உழைச்ச காசு, அடகு வச்ச நகை, மிச்சத்துக்கு லீசிங். வாங்கின மூணாவது மாசம் என்ஜினோ பேட்டரியோ போனா லீசிங் கட்டுறதா, காரைத் திருத்துறதான்னு ஒரு குடும்பமே உக்காந்து யோசிக்கும்.

எங்க சொந்தத்துல ஒரு மாமா. பதினோரு வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு வந்து ஒரு ஹைப்ரிட் கார் வாங்கினார். தெரிஞ்சவர் மூலமா வந்த வண்டி, லைட் ஒண்ணும் எரியல. மூணாவது கிழமை ரத்தோட்டைப் பக்கம் ஏத்தத்துல போகும்போது என்ஜின் லைட்டும், கூடவே சிவப்பு முக்கோணமும் வந்துச்சு. கராஜ்ல ஸ்கேன் பண்ணினா பி0ஏ80. ஹைப்ரிட் பேட்டரியை மாத்தச் சொல்ற கோட் அது. வித்தவரைக் கேட்டா, "என் கையில இருக்கும்போது எரியலயே"ன்னார்.

அந்த பாஸ் ஸ்கேனர்ல இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டினார். கோட் அழிச்சதுக்குப் பிறகு ஓடின தூரம்: 648 கிலோமீட்டர். மாமா காரை எடுத்த பிறகு ஓடினது 610. மிச்சம் 38 கிலோமீட்டர். அதாவது விக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால யாரோ அந்தக் கோட்டை அழிச்சிருக்காங்க. வித்தவரா, நடுவுல நின்ன புரோக்கரா, முந்தின ஓனரா, அது இன்னும் தெரியாது. மாமியோட வளையல் ரெண்டு அடகுக்குப் போனது மட்டும் தெரியும்.

வாங்குறதுக்கு முந்தி அந்த ஒரு பக்கத்தைத் திறந்திருந்தா கதை வேற. அதனாலதான் இதை எழுதுறேன்.

லைட் எப்படி யோசிக்குது?

காருக்குள்ள ஈசியூன்னு ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. ஒக்சிஜன் சென்சர், காத்தை அளக்குற சென்சர், வெப்பநிலை சென்சர் எல்லாம் அதுக்குத் தகவல் குடுத்துக்கிட்டே இருக்கும். ஏதாவது ஒண்ணு எல்லை மீறினா ஈசியூ ஒரு கோட்டை நினைவுல எழுதும். ஆனா எழுதின உடனே லைட்டைப் போடாது. பெரும்பாலான பிழைகளுக்கு முதல் ஓட்டத்துல "சந்தேகம்"னு மட்டும் குறிச்சு வைக்கும். இதுக்குப் பேர் பென்டிங் கோட். அடுத்த ஓட்டத்துலயும் அதே பிழை வந்தாத்தான் லைட் எரியும். பிழை தானா சரியாகி மூணு ஓட்டம் ஒழுங்கா போனா லைட் அணைஞ்சிரும். ஆனா கோட் உடனே அழியாது. என்ஜின் நாப்பது தடவை சூடாகி ஆறுற வரைக்கும் நினைவுல கிடக்கும்.

இந்த ஒழுங்கை ஒரே பட்டன்ல கலைக்கலாம். ஸ்கேனர்ல "கிளியர்" அழுத்தினா கோட், பென்டிங் கோட், பிழை வந்த நேரத்துல வேகம் என்ன, சூடு என்னன்னு பதிஞ்ச தகவல் எல்லாம் போயிரும். பல கார்கள்ல பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினாலும் இதே கதைதான். பழுது அப்பிடியே இருக்கும், ஞாபகம் மட்டும் போயிரும். நீங்க மாத்தளை டவுனுக்குள்ள பத்து நிமிஷம் ஓட்டிப் பாக்குற நேரத்துல ஈசியூ திரும்பவும் ரெண்டு ஓட்டம் பாத்து லைட்டைப் போட வழியே இல்ல. காசு கை மாறினதுக்குப் பிறகுதான் எரியும்.

ஆனா அழிக்கிறவங்க மறைக்க முடியாத ரெண்டு தடயம் இருக்கு.

ஒண்ணு, ரெடினஸ் மொனிட்டர். கெட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஒக்சிஜன் சென்சர், ஈஜிஆர் மாதிரி ஒவ்வொரு பகுதியையும் ஈசியூ தனித்தனியா சோதிச்சு "முடிஞ்சது"ன்னு குறிச்சு வைக்கும். கோட்டை அழிச்சா இந்தக் குறிப்பும் அழிஞ்சு "முடியல"ன்னு மாறும். திரும்ப முடியணும்னா குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணணும், கொஞ்ச நேரம் ஒரே வேகத்துல ஓடணும், நிப்பாட்டி எடுக்கணும். சில நாள் சாதாரணமா ஓடினாலே பெரும்பாலும் முடிஞ்சிரும். தினம் கண்டிக்கு வேலைக்குப் போய் வந்த கார்னு சொல்ற ஒண்ணுல நாலஞ்சு மொனிட்டர் "முடியல"ன்னு நின்னா, ஏன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

ரெண்டு, மேல சொன்ன தூரக் கணக்கு. கோட் அழிச்சதிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பல கார்கள் சொல்லும். இருபதாயிரம்னு காட்டினா நிம்மதி. பன்னெண்டுன்னு காட்டினா, "நேத்து என்ன செஞ்சீங்க?"ன்னு கேக்கணும். பேட்டரி புதுசா போட்டிருக்கலாம், சர்வீஸ் செஞ்சிருக்கலாம். நேர்மையான பதில் இருந்தா பில்லும் இருக்கும்.

வாங்கப் போகும்போது செய்ய வேண்டியது

காலையில போங்க, போன் பண்ணும்போதே "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க"ன்னு சொல்லுங்க. போனதும் போனட்டுல கையை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா ஏற்கனவே ஓடியிருக்கு. குளிர்ந்த என்ஜின்லதான் பல வருத்தம் வெளிய தெரியும். உதாரணத்துக்கு, மூணாம் தலைமுறை பிரியஸ்ல ஈஜிஆர் அடைச்சு, நாளடைவுல ஹெட் கேஸ்கட் போறது உலகம் முழுக்கத் தெரிஞ்ச வியாதி. காலையில முதல் ஸ்டார்ட்டுல என்ஜின் உதறும், கொஞ்ச நேரத்துல சரியாயிரும். சூடாக்கி வச்ச வண்டியில அது தெரியவே தெரியாது.

அடுத்தது, என்ஜினைப் போடாம சாவியை ஓன்ல மட்டும் வையுங்க. பட்டன் ஸ்டார்ட்னா பிரேக்கை மிதிக்காம ரெண்டு தடவை அழுத்தணும். எல்லா லைட்டும் எரியும்போது என்ஜின் லைட்டும் எரியத்தான் வேணும். எரியலைன்னா பல்பைக் கழட்டியிருக்காங்க, இல்லாட்டி மறைச்சிருக்காங்க. அப்பிடியான வண்டியை மேற்கொண்டு பாக்க வேணாம். என்ஜினைப் போட்டதும் அது அணையணும். ஓயில் லைட்டோட ஒட்டிப் பிறந்த மாதிரி சரியா ஒரே நொடியில அணைஞ்சா வயரிங்கையும் ஒரு ஆள்கிட்டக் காட்டுங்க. பழைய மாடல்கள்ல ரெண்டையும் இணைச்சு விடுற வேலையும் நடக்கும்.

பிறகு ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழ பதினாறு பின் உள்ள ஒரு சொக்கட் இருக்கும். ஈஎல்எம்327ன்னு கடைகள்ல விக்கிற சின்னப் புளூடூத் கருவியை அதுல சொருகி, போன்ல டோர்க் மாதிரி ஒரு எப் போட்டாப் போதும். காருக்கு ஒரு தடவை டேங்க் நிரப்புற காசை விடக் கருவியின் விலை குறைவு. பாக்க வேண்டியது நாலு: இப்ப உள்ள கோட், பென்டிங் கோட், ரெடினஸ், அழிச்ச பிறகு ஓடின தூரம். நாலையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைங்க. ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும். 2008க்கு முந்தின ஜப்பான் கார்கள் பலதுல இந்தக் கருவி முழுசாப் பேசாது. ஏர்பேக், ஏபிஎஸ், ஹைப்ரிட் பேட்டரியோட உள் விவரம் எல்லாத்தையும் பாக்க கராஜ்ல உள்ள பெரிய ஸ்கேனர்தான் வேணும். ஹைப்ரிட் வாங்குறதுன்னா அந்தச் செலவைத் தவிர்க்கவே கூடாது.

கடைசியா ஓட்டம். டவுனைச் சுத்தாதீங்க. நம்ம மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கு. ஏ9ல நாவுலப் பக்கம் ஒரே வேகத்துல போகலாம், ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறினா என்ஜினுக்கு உண்மையான சுமை கிடைக்கும். நாலு பேரை ஏத்திக்கிட்டு அந்த ஏத்தத்துல கொஞ்ச தூரம் போங்க. மிஸ்ஃபயர் இருந்தா அங்கதான் காட்டும். லைட் நிலையா எரிஞ்சா பிறகு பாத்துக்கலாம். விட்டு விட்டு மின்னினா வேகத்தைக் குறைச்சு ஓரமா நிப்பாட்டணும். எரியாத பெட்ரோல் கெட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போய் அதைச் சூட்டுலயே சாகடிக்கும். திரும்பி வந்ததும் இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணுங்க. காலையில இல்லாத பென்டிங் கோட் இப்ப வந்திருக்கான்னு பாருங்க.

கோட் வந்தா வண்டியை விட்டுரணுமா?

இல்ல. இங்கதான் எனக்கு இன்னொரு கருத்து இருக்கு. லைட் எரியிறதை மறைக்காம "இந்தக் கோட் இருக்கு, பாருங்க"ன்னு சொல்ற ஆள்கிட்ட வாங்குறது, நேத்து அழிச்சு வச்ச ஆள்கிட்ட வாங்குறதை விடப் பாதுகாப்பு. முதலாவதுல பேரம் பேச ஒரு எண் இருக்கு. ரெண்டாவதுல ஒண்ணுமே இல்ல.

ஆனா கோட்ங்கிறது எந்தப் பார்ட்டை மாத்தணும்ங்கிற உத்தரவு இல்ல. எங்க தேடணும்னு மட்டும்தான் அது காட்டும். பி0171 வந்தா காத்துக்கு ஏத்த பெட்ரோல் போதலைன்னு அர்த்தம். காரணம் ஒரு வெடிச்ச ரப்பர் குழாயா இருக்கலாம், அழுக்குப் பிடிச்ச ஏர் சென்சரா இருக்கலாம், வலுவிழந்த பெட்ரோல் பம்பா இருக்கலாம். முதலாவது சில்லறைக் காசு, கடைசி அப்பிடி இல்ல. பி0301னா முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர். முதல் சிலிண்டரோட இக்னிஷன் கொயிலை ரெண்டாவதுல மாத்திப் போட்டு ஓட்டுங்க. கோட் பி0302ஆ மாறினா கொயில்தான் பழுது, பெரிய செலவு இல்ல. மாறாம அங்கயே நின்னா பிளக், இன்ஜெக்டர், கடைசியில கொம்ப்ரஷன்னு ஒவ்வொண்ணாத் தேடணும். கொம்ப்ரஷன்னு வந்தா என்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம். பி0420 வந்தா கெட்டலிட்டிக் கன்வர்ட்டர் களைச்சிருக்கலாம், அதைக் கழட்டி வித்துட்டு வெறும் குழாய் போட்டிருக்கலாம், எங்கயாவது புகை லீக்காகவும் இருக்கலாம். "சென்சர் கோளாறுதான், ஒண்ணுமில்ல"ங்கிறது புரோக்கர்மாரோட தேசிய கீதம். ஒண்ணுமில்லைன்னா வித்தவரே மாத்திக் குடுக்கட்டுமே!

"நம்பிக்கை இல்லையா?"

தடையா நிக்கிறது கருவி இல்ல, இந்தக் கேள்விதான். தெரிஞ்சவர், சொந்தக்காரர், ஒரே ஊர்க்காரர். ஸ்கேனரை எடுத்தாலே முகம் சுருங்கும். கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்கும்போது யாரும் "ஜாதகம் கேட்டு அவமானப்படுத்திட்டீங்க"ன்னு சொல்றதில்ல. வீடு வாங்கும்போது உறுதி கேட்டா கோவிக்கிறதில்ல. கார்ல மட்டும் ஏன்? ஸ்கேன் விக்கிறவரோட நேர்மையைச் சோதிக்கிறது இல்ல. அவருக்கே தெரியாத பழுதும் காருக்குள்ள இருக்கலாம். அவர் வாங்கும்போது அவரையும் யாராவது ஏமாத்தியிருக்கலாம்.

நம்ம மாவட்டத்துல இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டத்திலிருந்தோ கிராமத்திலிருந்தோ வாற தமிழ்க் குடும்பத்துக்குப் பேச்சுவார்த்தை சிங்களத்துல, எப் ஆங்கிலத்துல. அதனால நடுவுல நிக்கிற புரோக்கர் சொல்றதுதான் உண்மையாகுது. பெண் ஒருத்தி தனியாப் போய்க் கேட்டா அதுக்கு மேல. "உங்களுக்கு விளங்காது தங்கச்சி"ன்னு ஒரே வசனத்துல முடிச்சிருவாங்க. ஆனா பி0420 மூணு மொழியிலயும் பி0420தான். கேக்குறது ஆணா பெண்ணான்னும் அது பாக்காது. அந்த எண் கையில இருந்தா யார் வேணும்னாலும் நேருக்கு நேர் பேரம் பேசலாம்.

மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறோம், போதாதான்னு கேக்கலாம். அனுபவமுள்ள பாஸோட காது பெரிய விஷயம், ஸ்கேனர் அதுக்குப் பதிலா வராது. ஆனா அவர் உங்க ஆளா இருக்கணும். புரோக்கர் காட்டுற கராஜ்லயே பாத்துட்டு, "பாத்தாச்சு"ன்னு சொல்லிக்கிறதுல பிரயோசனம் இல்ல.

சட்டத்தை நம்பி நிக்கவும் முடியாது. நம்ம பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டோடது. அதோட அடிப்படையே வாங்குறவன் பாத்து வாங்கணும்ங்கிறதுதான். வியாபாரிகிட்ட வாங்கினா சில பாதுகாப்பு உண்டு, ஆனா வீட்டு முற்றத்துல ஒருத்தரிட்ட ஒருத்தர் வாங்குற காருக்கு அதுவும் பெரிசா வராது. நீங்க சோதிச்சிருந்தா தெரிஞ்சிருக்கக்கூடிய குறைக்கு, சோதிச்ச பிறகு வழக்காடுறது இன்னும் கஷ்டம்.

அரசாங்கம் செய்யக்கூடிய ஒண்ணு இருக்கு. வருஷா வருஷம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முந்தி புகைப் பரிசோதனைக்குப் போறோம். 2008லிருந்து நடக்குது. சைலன்சர்ல வாற புகையை அளக்குறாங்க. அதே இடத்துல ஒரு ஸ்கேனரைச் சொருகி, கோட்டையும் ரெடினஸையும் சான்றிதழ்ல அச்சடிச்சா என்ன? அமெரிக்காவுல பல மாநிலங்கள் இதைத்தான் செய்யுது. 2001க்குப் பிந்தின கார்ல ஒரு மொனிட்டருக்கு மேல முடியாம இருந்தா சோதனைக்கே ஏத்துக்கக் கூடாதுன்னு அங்க வழிகாட்டல் இருக்கு. அழிச்சிட்டுப் போறவங்களுக்காகவே வச்ச விதி அது. நம்ம கார்களோட தாய்வீடான ஜப்பானும் 2024 ஒக்டோபர்ல புதிய மாடல்களுக்கு ஓபிடி சோதனையைக் கட்டாயப் பரிசோதனைக்குள்ள கொண்டு வந்திருச்சு. அங்கயிருந்து வாற ஏல அறிக்கையைப் படிச்சு அலசுற நாம, அந்தக் கார் இங்க பத்து வருஷம் ஓடின பிறகு அதுகிட்ட ஒரு வார்த்தை கேக்குறதில்ல.

அது வரும்வரைக்கும் நாம செய்யலாம். ஊருக்கு ஒரு பத்துப் பேர் சேந்து ஒரு கருவி வாங்கி வச்சுக்கிட்டாப் போதும். கிரிக்கெட் பெட் வாங்க சேக்குற காசு கூட வராது. யார் வீட்ல கார் பாக்கப் போனாலும் அதைக் குடுத்து விடுங்க. விக்கிறவங்க விளம்பரத்துல நாலு பக்கமும் படம் போடுற மாதிரி, ஸ்கேன் பக்கத்தையும் போடட்டும். போடாத விளம்பரத்தை நாம சந்தேகத்தோட பாக்கத் தொடங்கினா தானா எல்லாரும் போடுவாங்க.

அடுத்த தடவை கார் பாக்கப் போகும்போது "என்ஜின் லைட் எரியுதா?"ன்னு கேக்காதீங்க. அதுக்கு எல்லாரும் "இல்ல"ன்னுதான் சொல்லுவாங்க. "கோட் அழிச்சு எத்தனை கிலோமீட்டர் ஆச்சு?"ன்னு கேளுங்க. அதுக்குக் கார்தான் பதில் சொல்லும்.